ஓணம் கழிந்து முதல் அத்தியாயம்

பிளஸ் ஒன் சைக்காலஜி புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை நான் ஓணம் கழிந்துதான் நடத்துவேன். என்.சி.இ.ஆர்.டி. 2006இல் கொண்டுவந்த புத்தகம் அது. கேரள ஹயர் செக்கண்டரிக்கும் அதுதான் பாடம். உளவியல் என்றால் என்ன என்று தொடங்கும். 1879இல் வில்ஹெல்ம் வுண்ட் லைப்சிக் நகரத்தில் ஆய்வுக்கூடம் வைத்த கதை வரும். பின்னாலேயே அமைப்புவாதம், செயல்வாதம், நடத்தைவாதம், கெஸ்டால்ட் என்று ஒவ்வொரு கட்சியாக வந்து நிற்கும். எழுதியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இடவப்பாதி மழையில் நனைந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கட்சிச் சண்டை எதற்கு? எந்தச் சொத்துக்காகச் சண்டை என்றே அதற்குத் தெரியாதே! பள்ளியைப் பார்வையிட வந்தவர்கள், ‘ஒன்றாம் யூனிட் எங்கே சாரே?’ என்று கேட்டதுண்டு. ‘வரும் சார், ஓணம் கழியட்டும்’ என்பேன்.

எங்கள் பக்கத்து வகுப்பறையைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு போயின. தமிழ்த் தாலுகாக்களுக்காகப் போராடிய நேசமணி கட்சி கேட்டும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. என் பள்ளி இருந்த பாறசாலை அந்தத் தாலுகாவின் தெற்கு மூலை. இஞ்சிவிளை தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. பெண் எடுத்ததும் கொடுத்ததும் கோடு பார்த்து நடக்கவில்லை. ஆகையால் என் வகுப்பில் வீட்டில் தமிழ் பேசி மலையாளத்தில் படித்தவன் இருப்பான். பத்து வரைக்கும் தமிழ் மீடியத்தில் படித்தவள் இருப்பாள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுபவர்கள்தான் பாதிப் பேர். புத்தகம் ஆங்கிலம், விளக்கம் மலையாளம், வகுப்பு முடிந்து வராந்தாவில் வந்து சந்தேகம் கேட்பது தமிழ்.

கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தில் எம்.ஏ. முடித்து 1984இல் நான் முதலில் நுழைந்தது நெய்யாற்றின்கரையில் ஒரு பாரலல் காலேஜ். அன்றைய கேரளத்தில் ரெகுலர் காலேஜில் இடம் கிடைக்காதவர்களுக்கெல்லாம் அதுதான் போக்கிடம். ஓலை மேய்ந்த ஷெட், பலகைத் தடுப்பு. அடுத்த அறையில் ஒருவர் எக்கனாமிக்ஸ் கத்துவது நம் வகுப்பில் கேட்கும். துணைப்பாடமாகச் சைக்காலஜி எடுத்தவர்களும் ஆசிரியர் பயிற்சிப் பரீட்சைக்குப் படிப்பவர்களும் என்னிடம் வந்தார்கள். மணிக்கணக்குக்குக் கூலி. பாடம் சலித்தால் மறுநாள் பெஞ்ச் காலியாகும், காலியானால் கூலி குறையும். பாடம் நடத்தும் முறையை நான் கற்றது அங்கேதான். பிற்பாடு கிடைத்த பி.எட். அதற்கு ஒரு சான்றிதழ், அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைகள் வெறும் மண்டையோடு வரவில்லை. ஆபிரகாம் கோவூர் கதைகளைப் படித்துவிட்டு வந்தார்கள். திருவல்லாக்காரர், இலங்கையில் தாவரவியல் வாத்தியார். அற்புதம் செய்து காட்டுகிறவனுக்கு லட்ச ரூபாய் என்று பந்தயம் கட்டியவர், 1978இல் இறந்தார். பேய் பிடித்தவர்களை ஹிப்னாடிசம் செய்து குணப்படுத்தியதாக அவர் எழுதிய கேஸ்களில் ஒன்று மலையாளத்தில் ‘புனர்ஜன்மம்’ என்றும் தமிழில் ‘மறுபிறவி’ என்றும் சினிமாவாகவே வந்தது. ஆகவே முதல் நாள் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ‘சாருக்கு ஹிப்னாடிசம் தெரியுமா?’ 1993இல் ‘மணிச்சித்ரதாழ்’ வந்த பிறகு கேள்வி மாறியது. நாகவல்லியைப் பற்றி, டாக்டர் சண்ணி செய்த வைத்தியத்தைப் பற்றி, இரட்டை ஆளுமையைப் பற்றி. பக்கத்தில் இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனையிலும் எடுத்த படம், சொந்த ஊர்ச் சங்கதி போலவே பேசுவார்கள். 2005இல் ‘சந்திரமுகி’ வந்து அதே கேள்வியைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் புதுப்பித்துக் கொடுத்தது. சினிமாவைப் பழிக்கும் வாத்தியார்கள் உண்டு. நான் பழிப்பதில்லை. கூலி கொடுக்காமல் எனக்கு விளம்பரம் செய்தவர்கள் அவர்கள். என்ன, சண்ணி அரை மணி நேரத்தில் செய்ததற்கு ஆதாரம் கேட்க இந்தப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு முதலில் தங்கள் கண்ணையே சந்தேகப்படக் கற்க வேண்டும்.

அதற்குத்தான் பலகை. முல்லர்-லையர் பலகை என்று சோதனைச் சாமான் விற்கிறவர்களிடம் கிடைக்கும். ஒரு கோட்டின் இரண்டு முனையிலும் அம்புத்தலை உள்ளே மடிந்திருக்கும், இன்னொரு கோட்டில் வெளியே விரிந்திருக்கும். இரண்டும் ஒரே நீளம்; பார்க்க ஒன்று நீளமாகத் தெரியும். 1889இல் ஃப்ரான்ஸ் முல்லர்-லையர் வெளியிட்ட படம். பாரலல் காலேஜ் இதற்கெல்லாம் காசு தராது. உதியன்குளங்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு ஆசாரி இருந்தார், அவரிடம் படம் வரைந்து காட்டினேன். அயனிப் பலகையில் சட்டம் போட்டு, ஒரு பகுதி நகர்கிற மாதிரி காடி இழைத்து, பின்பக்கம் அளவுக்கோடும் கீறித் தந்தார். கோடுகளை வரைந்தவர் அவர், அளந்தவரும் அவர். வேலை முடிந்து முன்பக்கம் திருப்பிப் பார்த்தவர் முகம் சுளித்தார். ‘சாரே, இது ஒண்ணு கூடிப்போச்சே’ என்று மறுபடி கோலை வைத்தார். சரியாக இருந்தது. கோலை எடுத்தார், மறுபடி கூடிப்போனது. மூன்றாம் முறை என்னைப் பார்த்து, ‘இது என்ன எளவு? அளந்தாலும் கண்ணு கேக்கமாட்டேங்கு!’ என்றார். கோபம் வந்துவிட்டது அவருக்கு. ஆயுசு முழுக்கக் கண்மட்டத்தில் பலகை அறுத்தவர்.

உளவியலில் முதலில் கற்க வேண்டியது அவர் சொன்ன அந்த ஒன்றுதான் என்பது என் கட்சி. அறிவு வேறு, காண்பது வேறு. தெரிந்துகொண்டதனால் தெரிவது மாறிவிடாது. நாலு விளக்கவுரை செய்ய முடியாததை அந்தப் பலகை ஒரு நிமிஷத்தில் செய்யும்.

இதிலே இன்னொரு ரசமும் உண்டு. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர், 1898இல் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆய்வுக்குழுவில் இருந்தவர், 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடம் இதே மாதிரிக் கோடுகளைக் காட்டிச் சோதித்தார். இங்கிலாந்துக்காரர்கள் ஏமாந்த அளவுக்குத் தோடர்கள் ஏமாறவில்லை. பல காலம் கழித்து 1966இல் சீகல், கேம்பல், ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற மூவர் ஒரு விளக்கம் சொன்னார்கள்: தச்சன் செய்த மூலைகளுக்கும் சட்டங்களுக்கும் நடுவே வளர்ந்த கண்தான் அதிகம் ஏமாறும். தோடர் வீடு அரைவட்டக் கூரை, மூலை குறைவு. இதை ஆசாரியிடம் போய்ச் சொன்னேன். ‘அப்பம் எல்லாத்துக்கும் நாங்கதான் குற்றவாளியா?’ என்று சிரித்தார்.

வகுப்பில் இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியாது. ஓலைப்புரையில் வளர்ந்த பாட்டிகளையும் காங்கிரீட் வீட்டில் வளர்ந்த தங்களையும் சோதிக்க வேண்டும் என்று ஒரு வருஷம் ஒரு கூட்டம் கிளம்பியது. பலகையை மாற்றி மாற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பாட்டிகளின் பிழை குறையும் என்று எதிர்பார்த்தார்கள், கூடியிருந்தது. ஒருத்தி எழுந்து, ‘சாரே, எங்க அம்மச்சிக்கு ஒரு கண்ணுல புரை’ என்றாள். இன்னொருவன் வீட்டில் பாட்டி சோதனையை நடத்தவே விடாமல், ‘எனக்கு எழுத்து தெரியாதுன்னு பரீட்ச வைக்கியா?’ என்று கேட்டிருக்கிறாள். கண்புரை, வயது, விளக்கு வெளிச்சம், பரீட்சை பயம் என்று கரும்பலகை நிறைந்தது. ஆராய்ச்சி முறைகள் என்கிற இரண்டாம் அத்தியாயத்தை அந்த வருஷம் நான் தனியாக நடத்தவேயில்லை. கட்டுப்பாட்டு மாறி என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவும் வேண்டாம்.

ஞாபகச் சோதனையில் வேறு மாதிரித் தொந்தரவு. எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வுக்கு அர்த்தமில்லாத அசைகள் சுமார் 2,300 உண்டாக்கித் தன்னையே சோதித்துக்கொண்டார். எங்கள் ஊரில் அர்த்தமில்லாத அசை செய்வது லேசில்லை. ஒருத்தன் ‘தொப்’ என்று எழுதினால் தேங்காய் விழுகிற சத்தம் என்பான் மற்றவன். ‘சக்’ என்றால் சக்கை, ‘முக்’ என்றால் கடைமுக்கு. ஒரு மொழியில் தப்பினது இன்னொன்றில் மாட்டும். சிலது பெண்பிள்ளைகள் முன்னால் வாசிக்கவே முடியாது. ஒரு மணி நேரம் சிரிப்பும் கூத்துமாகப் போன பிறகு மிஞ்சுகிற பத்துப் பன்னிரண்டை மனப்பாடம் செய்யச் சொன்னால் ஒன்றும் நிற்காது. தள்ளிவிட்ட ‘தொப்’பும் ‘சக்’கும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அவ்வளவு போதும். மறதிக் கோட்டை அப்புறம் வரைந்துகொள்ளலாம்.

நான் மிக அதிகம் நடத்தியது ஸ்ட்ரூப் சோதனை. 1935இல் அதை வெளியிட்ட ரிட்லி ஸ்ட்ரூப் பின்னாளில் உளவியல் ஆய்வை விட்டு பைபிள் வகுப்பு எடுப்பதில் இறங்கிவிட்டார் என்று சொன்னால் எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. பிள்ளைகளுக்கு ஆளை உடனே பிடித்துப்போகும். சாமான் செலவு ஒரு சார்ட் பேப்பர், நாலு ஸ்கெட்ச் பேனா, விளையாட்டு சாரிடம் இரவல் வாங்கிய ஸ்டாப்வாட்ச். ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதுவது, ‘நீலம்’ என்பதை மஞ்சளில். சொல்லை வாசிக்கக் கூடாது, மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். நாக்கு தடுக்கும், சிரிப்பு வரும், நேரம் கூடும். இதுவரை எல்லா ஊரிலும் நடப்பது.

நான் இரண்டு சார்ட் எழுதினேன், ஒன்று தமிழ் எழுத்தில், மற்றது மலையாள எழுத்தில். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பெண்ணை நிறுத்தினால் தமிழ் சார்ட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் தடுக்கி விழுவாள். மலையாளத்தில் அவ்வளவு இல்லை. மலையாளம் மட்டும் படித்த பையனுக்குத் தமிழ் சார்ட் வெறும் வண்ணக் கோலம், கடகடவென்று சொல்லிக்கொண்டே போவான். வகுப்பு கைதட்டும். பிறகு மலையாள சார்ட்டைத் திருப்புவேன். முதல் வரியிலேயே நின்றுபோவான். இரண்டும் சரளமாக வாசிக்கிறவனுக்கு இரண்டிலும் அடி. வாசிக்கத் தெரிந்தவன் வாசிக்காமல் இருக்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வகுப்பறை திருவனந்தபுரம் நகரத்திலும் கிடைக்காது, நாகர்கோவிலிலும் கிடைக்காது. எங்களுக்கு இரண்டு மொழியும் குழம்பிக் கிடக்கிறது என்று வருத்தப்பட்ட பெற்றோர்கள் பலர். ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிக்கு அந்தக் குழப்பமே ஆய்வுக்கூடமாக இருந்தது.

ஓணம் கழிந்து முதல் அத்தியாயத்துக்கு வரும்போது லைப்சிக்கிலிருந்து தொடங்க மாட்டேன், இங்கிருந்து பின்னால் போவேன். நான் படித்த காரியவட்டம் துறை 1957இல் வந்தது. அதற்கு முன் 1943இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.டி. போவாஸ் தொடங்கியது. அதற்கும் முன் 1916இல் கல்கத்தாவில் நரேந்திரநாத் சென்குப்தா. அவர் ஹார்வர்டில் ஹ்யூகோ முன்ஸ்டர்பெர்க்கிடம் படித்தவர், முன்ஸ்டர்பெர்க் வுண்டின் மாணவர். ‘அப்பம் வுண்டு நமக்கு வாத்தியாருக்கு வாத்தியாரா சாரே?’ என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் 1879 மனதில் நிற்கும்.

நடுவே சில காலம் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கும் கல்வி உளவியல் எடுத்தேன். அந்தக் கதை வேறு. 1997இல் திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு டி.பி.இ.பி. என்ற மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. அதுவரை பயிற்சிப் பள்ளிகளில் பாவ்லோவின் நாயும் ஸ்கின்னரின் எலியும்தான் ராஜாக்கள். ஒரே கோடை விடுமுறையில் இரண்டையும் வெளியே துரத்திவிட்டு பியாஜே, வைகோட்ஸ்கி, புரூனர் மூவரையும் உள்ளே கொண்டுவந்தார்கள். செயல்வழிக் கற்றல், குழந்தையே அறிவைக் கட்டுகிறது, ஆசிரியர் கைதூக்கிவிடுபவர். நல்ல விஷயம். ஆனால் உளவியல் ஒரு சர்க்குலராக வந்து இறங்கினால் என்ன ஆகும்? நேற்று வரை பிரம்பு வைத்திருந்தவர் இன்று க்ளஸ்டர் கூட்டத்தில் வைகோட்ஸ்கி பெயரை மந்திரமாகச் சொன்னார், மறுநாள் வகுப்பில் பிரம்பே பேசியது. தாய்மார்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ‘சாரே, இவனுக்க மண்டையில வாய்ப்பாடு ஒண்ணும் ஏறேல்ல, பாட்டுப் பாடிட்டு வரியான்’ என்று.

அந்த நாளில் பயிற்சி மாணவி ஒருத்தி பியாஜேயின் தண்ணீர்ச் சோதனையை ஒன்றாம் வகுப்புப் பையனிடம் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரே மாதிரி இரண்டு கிளாஸ், ஒரே அளவு தண்ணீர். ஒன்றை உயரமான ஒடுங்கிய கிளாஸில் ஊற்றினாள். எதில் கூடுதல் என்று கேட்டாள். பையன் உயரமான கிளாஸைத் தொட்டான். ‘நல்லா யோசிச்சுச் சொல்லு மக்களே’ என்றாள் அவள். பையன் தண்ணீரைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, ‘ரெண்டும் ஒண்ணு’ என்றான். அவள் ரிக்கார்டு நோட்டில், அளவு மாறாமையை உணரும் நிலை எட்டியாயிற்று என்று எழுதப் போனாள். பெரியவர் ஒருவர் அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் முதல் பதில் தப்பு என்று குழந்தை எடுத்துக்கொள்ளும். மார்கரெட் டொனால்ட்சன் 1978இல் எழுதிய புத்தகத்தில் இதை விரிவாகப் பேசியிருக்கிறார். பயிற்சிப் பள்ளியின் குறிப்பேடுகளில் பியாஜேயின் நாலு நிலையும் வயதோடு இருந்தது. குழந்தை யார் முகத்தைப் பார்க்கிறது என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

2012இல் ஆசிரியர் தகுதிக்கான கே-டெட் பரீட்சை வந்தது. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் என்று 30 மார்க்கு. பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கோச்சிங் சென்டர்கள் முளைத்தன. என்னையும் கூப்பிட்டார்கள், கொஞ்ச நாள் போனேன். எந்தக் கொள்கை யாருடையது என்று பொருத்துவதில் கெட்டிக்காரர்கள் உருவானார்கள். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பாலராமபுரத்திலிருந்து ஒரு பையன் பிளஸ் டூவுக்கு வந்தான். அங்கே சாலியர் தெரு உண்டு, ராஜா காலத்தில் தமிழ்ப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய நெசவாளர்கள். இங்கிலீஷில் அவன் கரைசேர்ந்தால் அதிசயம். அவன் வருவதற்கு முன்பிருந்தே என்னிடம் பாட்டியா பாட்டரி ஒரு செட் இருந்தது. சி.எம். பாட்டியா 1955இல் வெளியிட்டது. எழுத்தறிவை அதிகம் சாராத ஐந்து செயல் சோதனைகள், 11 முதல் 16 வயது வரைக்கும் உள்ளவர்களுக்கு. அதில் கோஸ் கட்டைகள் உண்டு, வண்ணக் கட்டைகளைச் சேர்த்து அட்டையில் உள்ள வடிவத்தைக் கொண்டுவர வேண்டும். வகுப்பின் முதல் மாணவி யோசித்துக்கொண்டிருக்கும்போதே இவன் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ‘கரைக்கு நூலு எண்ணுறதுக்கு இது எவ்வளவோ லேசு சாரே’ என்றான். 1969இல் மெக்சிகோவில் குயவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் களிமண் சோதனை மற்றப் பிள்ளைகளைவிட எளிதாக வந்ததாக ஒரு ஆய்வு உண்டு. அதைத் தேடி எடுத்து வகுப்பில் சொன்னேன். அவன் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் சோதனையின் மதிப்பெண்ணை யாருக்கும் எழுதிக் கொடுக்கமாட்டேன். அண்ணனுக்கு ஐ.க்யூ. கணக்குப் பார்த்து வீட்டில் போய்ச் சொன்ன ஒரு பெண் இருந்தாள். அந்த எண்ணை அந்த அண்ணனுக்குக் கல்யாணம் பேசுகிற இடத்தில்கூட யாரோ எடுத்து வைத்தார்கள். அதிலிருந்து என் வகுப்பில் சட்டம்: சோதனைத் தாள் அலமாரியை விட்டு வெளியே போகாது, சொந்தக்காரர்மேல் சோதனை கிடையாது. பாட்டிமார்களுக்கும் பலகைக்கும் மட்டும் விலக்கு.

பிளஸ் டூவில் மனநோய்கள் பற்றிய அத்தியாயம் வரும் வாரம் கவனமாக இருக்க வேண்டிய வாரம். பாதிப் பேருக்கு அவரவர் நோய் அகப்பட்டுவிடும். கதவைப் பூட்டினோமா என்று இரண்டு தரம் பார்ப்பவன் தனக்கு ஓ.சி.டி. என்பான். அவர்களைச் சிரித்து அனுப்பிவிடலாம். சிரிக்காமல், கடைசி மணி அடித்த பிறகும் பையை மெல்ல மெல்ல அடுக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளை ஒன்று இருக்கும், அதற்காகத்தான் அந்த வாரம் முழுக்க நான் சாயங்காலம் பஸ்ஸைத் தவறவிடுவேன். கேட்பேன், வைத்தியம் பார்க்கமாட்டேன். வாத்தியார் வேலை தாலுகா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும். எந்தக் கிழமை மனநல டாக்டர் ஓ.பி.யில் இருப்பார் என்ற தகவலும், கேரள அரசின் திசை உதவி எண் 1056உம் என் டைரியின் முதல் பக்கத்தில் இருக்கும். முதலில் கோயிலில் பூஜை, சர்ச்சில் பிரேயர் என்று வீட்டார் சொன்னால் சண்டை போடமாட்டேன். ‘அதையும் செய்யுங்கம்மா, இதையும் செய்யுங்க’ என்பேன்.

ஊளம்பாறை என்ற பெயரை எங்கள் ஊரில் வசவாகத்தான் சொல்வார்கள். திருவனந்தபுரத்தில் 1870இலிருந்து இருக்கிற மனநல ஆஸ்பத்திரி அது. சைக்காலஜி மாணவர்களை அங்கே டூர் கூட்டிப்போக வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் கோரிக்கை வரும். மியூசியமும் மிருகக்காட்சிச்சாலையும் பார்த்துவிட்டு அப்படியே இதையும் பார்த்துவிடலாம் என்பார்கள். நோயாளிகளைப் பார்க்கப் போவதற்கு அவர்கள் நம் உறவாக இருக்க வேண்டும், அல்லது நம்மால் அவர்களுக்கு ஏதாவது பிரயோஜனம் இருக்க வேண்டும். பிளஸ் டூ மாணவர்கள் இரண்டிலும் சேர்த்தியில்லை என்று சொல்லி மியூசியத்தோடு நிறுத்திவிடுவேன்.

பென்ஷன் வாங்கின பிறகு வீட்டுக்கு வருகிறவர்கள் வேறு வகை. கொரோனாவுக்குப் பிறகு எல்லோருக்கும் கவுன்சலர் ஆக வேண்டும். மூன்று மாத ஆன்லைன் டிப்ளமாவைப் பிரேம் போட்டு மாட்டியவர்களைக் களியக்காவிளையிலும் பார்க்கிறேன். பெண்ணை அழைத்து வருகிற தாய்மார்களிடம் வழியை முழுசாகச் சொல்லிவிடுவேன்: டிகிரி, எம்.எஸ்சி., க்ளினிக்கல் என்று போர்டு போட வேண்டுமானால் அதற்கென்று அங்கீகாரம் பெற்ற படிப்பு, 1992ஆம் வருஷச் சட்டப்படி மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு. வருஷக் கணக்கைக் கேட்டதும் தாய்க்கு முகம் மாறும். பெண்ணின் முகம் மாறாமல் இருந்தால் உட்காரவைத்துப் பலகையை எடுத்துக் காட்டுவேன். ஆசாரி செய்த பலகை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. காடி மட்டும் கொஞ்சம் இறுகிவிட்டது.

என் இடத்துக்கு வந்த டீச்சருக்குச் சார்ட்டுகளைக் கொடுத்திருந்தேன். போன வருஷம் போன் செய்தாள். ‘சாரே, ரெண்டு சார்ட்டிலயும் பிள்ளைங்க முன்ன மாதிரி தடுக்கேல்ல. கொஞ்சம்தான் தடுக்குது.’ யோசித்துவிட்டு அவளே மூன்றாவதாக ஒன்று எழுதியிருக்கிறாள். நிறப்பெயர்கள் மலையாளமும் தமிழும்தான், ஆனால் பிள்ளைகள் வாட்ஸாப்பில் எழுதுகிறபடி இங்கிலீஷ் எழுத்தில். அதில் வகுப்பு மொத்தமும் தடுக்கி விழுந்ததாம், தமிழ் மீடியம் மலையாளம் மீடியம் என்ற பேதமே இல்லாமல். எத்தனை பேர், எந்தப் பேப்பர் முதலில், மை ஒரே அடர்த்தியா என்று கேட்டேன். முதலில் எந்தச் சார்ட் என்பதை அவள் மாற்றி மாற்றி வைக்கவில்லை. அடுத்த பேட்சில் மாற்றி வைத்து மறுபடி செய்யச் சொல்லியிருக்கிறேன்.